ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஏசி வேலை

காலிங் பெல் மாட்டுவது என் தொழிலில் ஒரு பகுதி. ஆனால் அடுத்தவர் வீட்டு பெல்லை அழுத்த எனக்குக் கூச்சம். அவர்களே வேலைக்குக் கூப்பிட்டிருந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு முறை செருமுவேன். நாய் இருந்தால் அது உள்ளே தகவல் சொல்லிவிடும். நாய் இல்லாத வீடுகளில் அரை மணி நேரம்கூட நின்றிருக்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியதால்தான் இந்தக் கூச்சம் என்று என் மனைவி சொல்வாள். ஐந்தாவது படித்துவிட்டு ஊரையே அதட்டுகிறவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். என்னுடையது பிறவியிலேயே வந்தது. நாலு பெண்கள் சேர்ந்து நிற்கிறார்கள் என்றால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போய்விடுவேன்.

பாரிவாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சின்னதாக ஒரு மண்டபம் இருக்கிறது. கீழே ஹால், மேலே வீடு. அவர் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அவர் அப்பா காலம் வரை நெல் போட்ட குடும்பம். சுற்றிலும் வீடுகள் வந்து, வாய்க்கால் இருந்த இடத்தில் தெருப் பலகை நட்ட பிறகு, அவர் நெல்லை விட்டுவிட்டு மண்டபம் கட்டினார். வயரிங் முழுக்க என் கை வேலை. அண்ணனூரில் இருந்து மொபெட்டில் போய்வருவேன். நான் அவரை அண்ணாத்தே என்பேன், அவர் என்னை நைனா என்பார்.

அவருக்கு ஒரே பெண். மண்டபம் கட்டி முடிவதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. வேறொரு மண்டபத்தில், நல்ல சித்திரை வெயிலில் நடந்தது. பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, முகத்துக்கு நேரே ஓமப் புகை. தாலி கட்டி முடிந்து எழுந்த பெண் அப்படியே மயங்கி விழுந்தாள். முகத்தில் சோடா தெளித்து எழுப்பினார்கள். அண்ணாத்தே அன்று மணமேடையிலேயே உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம். பெண்ணின் வளைகாப்பு தன் மண்டபத்தில்தான் நடக்க வேண்டும், அன்றைக்கு அவள் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை தெரியக் கூடாது. அதற்காகவே ஹாலுக்குப் பெரிய ஏசி போட்டார்.

ஏசி போட்டவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போன பிறகுதான் கோளாறு தெரிந்தது. மேடைக்குப் பின்னால் ஸ்டோர் ரூம். குளிர்ந்த காற்றைத் தள்ளும் பெரிய பெட்டி அங்கே மேலே தொங்குகிறது. அதிலிருந்து தகரக் குழாய் வழியாக ஹாலுக்குக் காற்று போகும். இடம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து ஏசியை ஓட விடுவதும் நிறுத்துவதும் தெர்மோஸ்டாட் என்கிற சின்னப் பெட்டியின் வேலை. அதையும் அவர்கள் ஸ்டோர் ரூம் சுவரிலேயே வைத்துவிட்டார்கள். ஸ்டோர் ரூம் பத்து நிமிடத்தில் ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிடும். உடனே தெர்மோஸ்டாட், போதும் என்று ஏசியை நிறுத்திவிடும். ஹாலில் மனிதர்கள் வெந்துகொண்டிருப்பார்கள். ஸ்டோர் ரூமில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் மட்டும் ஜம்மென்று இருந்தன.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணாத்தே என்னைக் கூப்பிட்டார்.

"அரிசிக்கு ஏசி போட்ட மொத ஆளு நாந்தான்னு ஊரே சிரிக்குது நைனா. அத்தப் பேத்து ஹால்ல வையி."

அரை நாள் வேலைதான். சுவரைக் கொத்தி, பைப் புதைத்து, உள்ளே இரண்டு ஒயரை இழுத்தால் முடிந்தது. உளியைச் சுவரில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். மாடியில் இருந்து அவர் மனைவி ஓடி வந்தார்.

"இன்னா பண்ற நீ? புள்ளத்தாச்சி கீற ஊட்டுல செவுத்துல அடிக்கலாமா?"

இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள், சுவரைக் கொத்த மாட்டார்கள், துளை போட மாட்டார்கள். எனக்கும் தெரியும். பெண் வந்து தங்கியிருப்பது மேலே வீட்டில்தானே, கீழே வெறும் ஹால்தானே என்று நினைத்துவிட்டேன். அண்ணாத்தேயும் அதையேதான் நினைத்திருக்கிறார்.

"இது ஹாலுதானம்மே" என்று இழுத்தார்.

"செவுரு ஒண்ணுதான? கீய அடிச்சா மேல அதிராதா?"

அண்ணாத்தே என்னைப் பார்த்தார். நான் உளியைப் பார்த்தேன். அதைப் பைக்குள் வைத்துவிட்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினேன்.

பூந்தமல்லியில் நான் சாமான் வாங்கும் எலக்ட்ரிக்கல் கடை பாயிடம் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. இருபது வருஷப் பழக்கம். என்னென்ன கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். ஆணி கூடாது, துளை கூடாது, சுவரைத் தொடக் கூடாது, ஆனால் தெர்மோஸ்டாட் ஹாலுக்கு வர வேண்டும்.

"இன்னா மாமே, செவுரு முழுவாம கீதா?" என்றார்.

"செவுரு இல்ல பாய், பொண்ணு. ஏழாவது மாசம்."

பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "அப்போ கஷ்டந்தான். என் தங்கச்சி மாசமா இருந்தப்ப காலண்டர் மாட்ட ஆணி அடிக்க உடலியே எங்கம்மா. அந்த வருசம் பூரா காலண்டரு சோபாலதான் குந்திகினு இருந்துச்சு. யாரு வந்தாலும் அத்த நவுத்திட்டுத்தான் குந்தணும்."

உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். ஒயர் இல்லாத தெர்மோஸ்டாட். உள்ளே இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று வெள்ளையாக, தட்டையாக, கண்ணாடியில் நம்பர் தெரிவது. பேட்டரியில் ஓடும். மேஜை மேல் நிறுத்த ஒரு கால் வைத்திருந்தார்கள். இன்னொன்று ரிசீவர், சோப்பு டப்பா அளவு.

"இது பேசும், அது கேக்கும்" என்றார் பாய். "இத்த ஹால்ல எங்க வேணா வையி. அத்த ஏசி பக்கத்துல வையி. நடுவுல ஒயரே கெடையாது."

கூட இருந்த காகிதம் முழுக்க இங்கிலீஷ். பாய் அதைப் படித்துப் படித்து, அட்டைப் பெட்டியின் மேல் பேனாவால் தமிழில் படம் போட்டுக் கொடுத்தார். இங்கிலீஷ் எழுத்துகளைத் தனித்தனியாக எனக்குத் தெரியும். அவை சேர்ந்து நின்றால்தான் எனக்கு நாலு பெண்கள் சேர்ந்து நிற்பது மாதிரி.

மறுநாள் ஸ்டோர் ரூமில் வேலையைத் தொடங்கினேன். அண்ணாத்தேயின் மனைவி ஒரு அரிசி மூட்டையில் உட்கார்ந்து காவல் காத்தார். நான் எந்தக் கருவியை எடுத்தாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"திருவறது பரவால்ல. அடிக்கறதுதான் ஆவாது" என்றார்.

கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

"அது இன்னாத்துக்கு?"

"ஒயர வெட்றதுக்கு."

"வெட்றதா?"

"கிள்ளிக்கறேம்மா" என்றேன்.

"ஆங், கிள்ளிக்க."

அதே பிளேயரால் அதே இடத்தில்தான் வெட்டினேன். இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது. ரிசீவரைச் சுவரில் திருகுவதற்குப் பின்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் கொடுத்திருந்தார்கள். அந்தப் பேச்சையே எடுக்காமல் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் சுவரில் ஒட்டினேன்.

பிறகு ஒயர்கள். ரிசீவரில் ஐந்து திருகுகள். முதல் இரண்டும் அது உயிரோடு இருக்க வேண்டிய கரண்டுக்கு, பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. அடுத்த மூன்றுதான் ஏசிக்கு. நடுவில் பொதுவாக ஒரு காமன், அதற்கு இரண்டு பக்கமும் என்ஓ, என்சி. பழைய தெர்மோஸ்டாட்டில் இருந்து கழற்றிய இரண்டு ஒயரில் ஒன்றை காமனில் மாட்டினேன். இன்னொன்றை என்ஓவில் மாட்டித் திருகும்போது அண்ணாத்தே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரிசீவரை உற்றுப் பார்த்தார். அவர் பத்தாவது வரை படித்தவர்.

"இன்னா நைனா, நோன்னு போட்டுக்கீது, அதுல போய் மாட்ற?"

"அது என்ஓ அண்ணாத்தே."

"என்னும் ஓவும் சேந்தா இன்னா? நோ. நோன்னா வேணாம். கம்பெனிக்காரன் வேணாம்னு எயுதிக்கீறான், நீ அதுலதான் மாட்டுவேன்ற."

என்ஓ என்பது சும்மா இருக்கும்போது பிரிந்திருந்து, வேலை வந்ததும் சேர்ந்துகொள்வது. என்சி அதற்கு நேர்மாறு, சும்மா இருக்கும்போது சேர்ந்திருந்து, வேலை வந்ததும் பிரிந்துவிடும். மோட்டார் ஸ்டார்ட்டரில் எத்தனையோ முறை மாட்டியிருக்கிறேன். மனதுக்குள் தெளிவாக இருந்தது. அதை வாயைத் திறந்து, கண்ணாடி போட்ட மனிதரிடம், அவர் மனைவி எதிரில் சொல்வது வேறு விஷயம். ஒயரைக் கழற்றி என்சியில் மாட்டினேன்.

"அப்டி வா" என்றார்.

ரிசீவருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இது பேசுவது அதன் காதில் விழாது. ரிசீவரின் பட்டனைப் பச்சை விளக்கு மினுக்கும் வரை அழுத்திக்கொண்டு, பிறகு தெர்மோஸ்டாட்டின் பட்டனை அழுத்தினேன். மினுக்கல் நின்று விளக்கு ஒரே சீராக எரிந்தது. தெர்மோஸ்டாட்டை ஹாலுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியில் முப்பத்திரண்டு என்று காட்டியது. இருபத்தாறு வேண்டும் என்று வைத்தேன். குளிர் கேட்கிறேன் என்பதற்கு அடையாளமாக, நட்சத்திரம் மாதிரி ஒரு குறி கண்ணாடியில் வந்தது. ஏசி அசையவே இல்லை. மாட்டியது என்சி, அசையாதுதான்.

அண்ணாத்தே ஐஸ் வாட்டர் பாட்டிலோடு வந்து தெர்மோஸ்டாட் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டிலை அதன் மேல் சாய்த்து வைத்தார். நம்பர் இறங்கியது. இருபத்தைந்தானதும் நட்சத்திரம் அணைந்தது, மூன்று நிமிடம் கழித்து ஏசி கடகடவென்று ஓடத் தொடங்கியது. பாட்டிலை எடுத்துக் குடித்தார். சற்று நேரத்தில் நட்சத்திரம் வந்தது, ஏசி நின்றது.

"சூடானா நிக்குது, ஜில்லுன்னா ஓடுது" என்றார். "புதுசுல, பயகணும்."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒயரை என்ஓவுக்கு மாற்றிவிட்டு மூடியைப் போட்டுத் திருகினேன். திரும்பி வந்தபோது ஹால் முழுக்கக் குளிர் பரவியிருந்தது. நடு ஹாலில் நின்று கையை விரித்துக் கொஞ்ச நேரம் சுற்றினார்.

"பாத்தியா நைனா. நோவுல மாட்டியிருந்தா இன்னாத்துக்கு ஆயிருக்கும்?"

"கெட்டிருக்கும் அண்ணாத்தே" என்றேன்.

வளைகாப்பு அன்றைக்கு, எதற்கும் கூட இரு என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். வேட்டி கட்டிக்கொண்டு போய், பின் வாசல் பக்கம் கரண்டு போர்டை ஒட்டி நின்றுகொண்டேன். யாராவது பார்த்தால் போர்டைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொள்ளலாம். ஹாலில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள், முக்கால்வாசி பெண்கள். மேடையில் அலங்கார நாற்காலியில் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கும் இடத்தில்தான் குளிர் சரியாக இருக்க வேண்டும் என்று, பக்கத்து டீப்பாயில் குத்துவிளக்குக்குச் சற்றுத் தள்ளி தெர்மோஸ்டாட்டை நானே காலையில் வைத்திருந்தேன். இருபத்தாறில் நின்றது. பெண் முகம் பளிச்சென்று இருந்தது. அண்ணாத்தே இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளையின் அத்தை முகப்பேரில் இருந்து வந்திருந்தார். மைக் தேவையில்லாத குரல். மேடை ஏறியதும் மேலே ஏசி காற்று வரும் சின்ன ஜன்னல்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏசி ஜோராத்தான் கீது. கூட்டம் ரொம்பட்டும், அப்பால பாக்கலாம்" என்றார். பிறகு டீப்பாயைக் காட்டி, "இது இன்னா சம்மந்தி, வெள்ளையா?" என்று அண்ணாத்தேயின் மனைவியிடம் கேட்டார்.

"அதுதான் ஏசிக்கு மூள. புதுசு."

"புதுச இப்டியா மொட்டையா வெப்பாங்க? ஒரு பொட்டு கூடவா வெக்கல?"

சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, தெர்மோஸ்டாட் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். தூரத்தில் இருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். பெண்ணின் இரண்டு கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு, பன்னீர் தெளித்துவிட்டு இறங்க வேண்டும். முதலில் வைத்தவர் மாப்பிள்ளையின் அத்தை அல்லவா. அவர் டப்பாவுக்கும் பொட்டு வைத்ததைப் பார்த்தவர்கள், அதுவும் முறைதான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். விரலில் மீதி இருந்த சந்தனத்தை டப்பாவின் மேல் ஒரு இழுப்பு இழுத்து, அதற்கும் இரண்டு முறை பன்னீர் தெளித்துவிட்டுப் போனார்கள். வெயில் காலம் என்று பன்னீரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வந்திருந்தார்கள்.

பதினோரு மணிக்கு மேல் ஹால் புழுங்கத் தொடங்கியது. முதலில் தாம்பூலப் பை விசிறியானது, அப்புறம் முந்தானை.

"இன்னா சம்மந்தி" என்று மேடையில் இருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏசி எங்க, மொத பந்திக்குப் போயிருச்சா?"

சிரித்தார்கள். அண்ணாத்தே கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"நைனா, அவ மூஞ்சியப் பாரு. கண்ணாலத்துல உயுந்தாளே, அதுக்கு முன்ன இப்டித்தான் இருந்துச்சு."

பார்த்தேன். நெற்றிச் சுட்டியின் கீழே வியர்வை முத்து முத்தாக நின்றது. கண்ணை மெதுவாக மூடி மெதுவாகத் திறந்துகொண்டிருந்தாள். யார் வளையல் போட்டாலும் கை மட்டும் நீண்டது.

பக்கத்துச் சந்துக்கு ஓடினேன். ஏசியின் வெளிப் பெட்டி சும்மா நின்றது. கரண்டு இருக்கிறது, பியூஸ் போகவில்லை. அப்படியானால் ஓடு என்று ரிசீவரே சொல்லவில்லை. என்ன காரணம் என்று யோசிக்க நேரமில்லை. ஸ்டோர் ரூமில் போய் ரிசீவரின் மூடியைத் திறந்து, காமனையும் என்ஓவையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டால் பத்து எண்ணுவதற்குள் என் வேலை முடிந்துவிடும், அப்புறம் ஏசி தானாக ஓடும். ஆனால் ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. சீர்த் தட்டும் நகையும் உள்ளே இருந்ததால் அண்ணாத்தேயின் மனைவி பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையில் நின்றார்.

"நான் வாங்கியாரேன்" என்று அண்ணாத்தே கிளம்பினார். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். என்ன சம்மந்தி இப்படி வேர்க்கிறதே என்று அவர் கேட்பதும், இவர் எழுந்திருக்கப் பார்ப்பதும், அவர் திரும்ப இழுப்பதும் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கையை விடுவதாக இல்லை. அண்ணாத்தே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் போனேன். நடு வழியில் போக முடியவில்லை. சுவர் ஓரமாகவே, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே மேடை வரை போனேன். மூன்று படி. ஏறியதும் வளையல் சத்தம் நின்றுவிட்டது. அண்ணாத்தேயின் மனைவி எதிரில் போய் நின்றேன்.

"சாவி" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கே கேட்கவில்லை.

"காபியா? கீய குடுக்கறாங்கப்பா, போய் வாங்கிக்க."

மேடை முழுக்கச் சிரிப்பு. ஒரு பெண், "பாவம், எத்தினி மணிக்கு வந்தாரோ" என்றது. இறங்கி ஓடிவிடலாம் என்று திரும்பியபோதுதான் டீப்பாய் கண்ணில் பட்டது.

தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் சந்தனக் கட்டி ஒன்று இருந்தது. காற்று போகும் ஓட்டை எல்லாம் அடைத்து, பன்னீர் சொட்டச் சொட்ட, பெண்ணின் கன்னத்தைவிட அதிகமாகப் பூசியிருந்தார்கள். கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் பாக்கி. அதில் இருபத்திரண்டு என்று தெரிந்தது. தண்ணீர்க் குடத்துக்கு ஈரத்துணி சுற்றினால் எப்படிக் குளிருமோ, அதுதான். ஹால் முழுக்க வெந்தாலும் அது மட்டும் குளுகுளுவென்று இருந்தது. ஏசியை எதற்கு ஓட விடப் போகிறது.

தோளில் இருந்த துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இன்னாபா நீ. புள்ளத்தாச்சி எதுர்க்க பொட்ட அழிக்கற?"

துண்டு கீழே விழுந்தது. சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரம் பெண்ணின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தை என் கையை விட்டுவிட்டு அவளைப் பிடித்தார்.

"கண்ணு பட்ருச்சு. அப்பவே நென்ச்சேன். ஆரத்தி எடுத்தாங்கடி."

ஆரத்தித் தட்டு வந்தது. சிவப்புத் தண்ணீர், வெற்றிலை மேல் கொழுந்து விட்டு எரியும் கற்பூரம். ஏற்கனவே வெந்துகொண்டிருந்த பெண்ணின் முகத்துக்கு நேராக அதைக் கொண்டுபோனார்கள். என் கன்னத்தில் அந்தச் சூடு பட்டது. பட்டதும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"பொண்ணுக்கு இல்லம்மா" என்றேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "கண்ணு பட்டது பொட்டிக்கு."

"எந்தப் பொட்டி?"

"இது. வந்ததுல இருந்து எல்லாரும் ஏசியத்தான பாத்தாங்க."

அண்ணாத்தேயின் மனைவி அத்தையைப் பார்த்தார். வந்ததும் வராததுமாக ஏசியைச் சுற்றிப் பார்த்தது யார் என்று மேடையில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

"பொட்டு வெச்சா ஆரத்தி எடுக்கணும்ல" என்றேன். இந்தச் சாஸ்திரம் அந்த நிமிடம் நான் போட்டது. "பொட்டு வெச்சுட்டு சும்மா உட்டா அதுக்கு உக்ரம் வந்துரும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. "நானே சொல்லணும்னு இருந்தேன். குடுடி இங்க தட்ட."

தெர்மோஸ்டாட் முன்னால் நின்று சுற்றத் தொடங்கினார். மூன்று சுற்று முடிந்து தட்டை நகர்த்தினார்.

"இன்னும்மா" என்றேன்.

"எத்தினி சுத்து?"

"அது போதும்ன்ற வரிக்கும். இன்னும் கிட்டக்கப் போங்க."

கற்பூரம் அதன் மோவாயில் படும் தூரத்துக்குக் கொண்டுபோனார். பன்னீர் ஆவியானது. சந்தனம் வெளுத்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக டீப்பாயில் விழுந்தது. கண்ணாடி தெரிந்தது. இருபத்து நாலு. இருபத்தைந்து. இருபத்தாறில் கற்பூரம் அணைந்தது. ஒரு சின்னப் பெண் ஓடிப்போய் இன்னும் நாலு வில்லை எடுத்து வந்தது. இருபத்தேழில் நட்சத்திரம் தெரிந்தது.

ஆனால் காற்று வரவில்லை. ஒரு தடவை நின்ற ஏசி மறுபடி ஓட மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். அத்தைக்குச் சொன்னால் தட்டைக் கீழே வைத்துவிடுவார், சந்தனம் இன்னும் முழுதாகக் காயவில்லை. அதனால் பேசாமல் நின்றேன். அத்தை வலது கை வலித்து இடது கைக்கு மாற்றினார். எல்லோரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை, அது ஒரு பெரிய நிம்மதி.

காற்று வரும் ஜன்னல்களில் அலங்காரத்துக்கு வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். அதன் நுனி முதலில் லேசாக ஆடியது. பிறகு காகிதம் முழுக்க மேலே எழுந்து படபடத்தது.

"கண்ணேதான்" என்றார் யாரோ.

அத்தை ஆரத்தித் தட்டைக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் துண்டைப் பொறுக்கிக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

"நீ எங்க போற?" என்றார். "மறுபடி கண்ணு பட்டா யாரு பாக்கறது? இங்கயே குந்து. எயுந்த, கால ஒடிச்சிருவேன்."

டீப்பாய் பக்கத்தில், பெண்ணின் அலங்கார நாற்காலியை ஒட்டி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். பன்னீர்ச் சொம்பு டப்பா பக்கம் திரும்பும்போதெல்லாம் கையால் மறைத்தேன். பன்னீர் என் மேல் விழுந்தது. உள்ளங்கையை டப்பாவின் மேல் வைத்தால் என் சூட்டுக்கு நம்பர் கொஞ்சம் ஏறும், ஏசி நிற்காமல் ஓடும் என்பதையும் அங்கே உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். போட்டோ எடுக்கிறவர், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார். "அவரு இருக்கட்டும்" என்று அத்தை அவரை அடக்கிவிட்டார். அந்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பெண்ணுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன், ஒரு டப்பாவின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துகொண்டு.

பெண்ணின் நெற்றி காய்ந்துவிட்டது. முகத்தில் பழைய நிறம் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் பக்கம் லேசாகத் திரும்பினாள்.

"சித்தப்பா, இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். இன்னும் பத்துப் பதினைந்து பேர் வளையல் போட வேண்டியிருந்தது. நாலாவது ஆள் வளையலை எடுத்தபோது பெண்ணின் கை தானாக நீளவில்லை. தூங்கிவிட்டாள். அத்தை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார், பிறகு குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"கொறட்ட உடுதுடி" என்றார். அன்றைக்கு முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

மீதி வளையல்களைத் தூங்குகிற கையிலேயே சத்தம் வராமல் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் சிக்கல். அவர்கள் வழக்கத்தில் வளைகாப்புக்காரி முதல் கவளம் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போடுவார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் ஐந்தும் வாசனை அடித்துக்கொண்டு காத்திருந்தன. யார் எழுப்புவது என்று பேச்சு வந்தது. கீழே முதல் வரிசையில் அண்ணாத்தே மாப்பிள்ளையின் அப்பா பிடியில் இருந்து கையை உருவிக்கொண்டு எழுந்து நின்று, எழுப்பாதீங்க என்று இரண்டு கையையும் ஆட்டினார். கூட்டம் அப்படியே உட்கார்ந்தது. நூற்றைம்பது பேர் பசியோடு, குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, ஒரு பெண் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முக்கால் மணி நேரம் தூங்கினாள். எனக்கும் நல்ல பசி. மெதுவாக இறங்கிப் போயிருக்கலாம், அத்தைகூட ஒரு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். ஆனால் அந்த நிசப்தத்தில் மேடையில் ஒரு ஆள் எழுந்தால் அத்தனை பேரும் அவனைத்தான் பார்ப்பார்கள். அவள் எழுந்திருக்கட்டும் என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.